வாங்குவது ஒரு நாள், இயக்குவது பல ஆண்டுகள்

(ஆதரவாளர் கூடுகையில் எங்கள் ஆய்வகத்தின் சார்பில் ஆற்றிய உரை)



டி.என்.ஏ. படிக்கும் இயந்திரம் எப்பொழுது வரும் என்று பல சபைகளிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். சிலர் அதற்கென்று காணிக்கையும் அனுப்பியிருக்கிறீர்கள். ஆகவே எங்கள் கணக்கை உங்கள் முன் வைப்பது எங்கள் கடமை.

முதலாவது, இது எதற்கு? தொழுநோய்க்குக் கூட்டுமருந்துச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1982-ல் பரிந்துரைத்தது. பெரும்பாலோர் அதனால் குணமடைகிறார்கள். ஆனால் ஒரு சிலருக்குச் சிகிச்சை முடிந்தபின்பு நோய் திரும்புகிறது. கிருமி மருந்துக்கு அடங்க மறுக்கிறதா என்று அப்பொழுது அறியவேண்டும். இந்தக் கிருமியை ஆய்வகத் தட்டில் வளர்க்க முடியாது. எலியின் பாதத்தில் வளர்த்துப் பார்க்க மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் நரம்பு கெட்டு விரல்கள் மடங்கிவிடலாம். கிருமியின் டி.என்.ஏ.யைப் படித்தால் சில நாட்களில் விடை கிடைக்கும்.

இக்கிருமியின் முழு டி.என்.ஏ. வரிசை 2001-ல் வெளியிடப்பட்டது. அதற்குப் பயன்பட்ட கிருமி தமிழ்நாட்டு நோயாளி ஒருவரிடமிருந்து எடுக்கப்பட்டது. அதில் ஏறக்குறைய 32 லட்சத்து 68 ஆயிரம் எழுத்துகள் உண்டு. எங்களுக்கு அவை எல்லாம் வேண்டியதில்லை. ரிஃபாம்பிசின், டாப்சோன், ஒஃப்லாக்சசின் ஆகிய மருந்துகளுக்குரிய மூன்று ஜீன்களில் சில நூறு எழுத்துகள் போதும்.

மூன்று வகை இயந்திரங்களை ஆராய்ந்தோம்.

முதல் வகை, ஒரே ஓட்டத்தில் கோடிக்கணக்கான எழுத்துகளைப் படிக்கும் பெரிய இயந்திரம். அதில் ஒரு மாதிரி வைத்தாலும் இருபது வைத்தாலும் ஓட்டச் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். கணக்கு விளங்குவதற்காக ஓர் ஓட்டம் ஒரு லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இருபது பேர் இருந்தால் தலைக்கு 5,000. நான்கு பேர் என்றால் 25,000. எங்களிடம் இத்தகைய நோயாளிகள் ஒருவர் இருவராகத்தான் வருகிறார்கள். இருபது பேர் சேரும்வரை முதலில் வந்தவரைக் காக்கவைப்பது நியாயமல்ல.

இரண்டாவது, உள்ளங்கையில் அடங்கும் சிறிய கருவி. வாங்கும் விலை குறைவு. ஆனால் எழுத்துகளைப் படிக்கும் அதன் தகடு குளிர்பெட்டியில் வைத்தாலும் சில மாதங்களுக்குமேல் தாங்காது. நோயாளி வந்தாலும் வராவிட்டாலும் புதிய தகடு வாங்கவேண்டும்.

மூன்றாவது, ஃபிரெடெரிக் சாங்கர் 1977-ல் வெளியிட்ட முறையைப் பின்பற்றும் இயந்திரம். டி.என்.ஏ. துண்டுகள் மயிரிழை போன்ற கண்ணாடிக் குழாய்களில் ஓட, லேசர் ஒளியில் நான்கு நிறங்களாக எழுத்துகள் தெரியும். ஒரு முறைக்குச் சில நூறு எழுத்துகளைத் தெளிவாகப் படிக்கும். ஒருவருடைய மாதிரியையும் அதிகச் செலவின்றிப் பார்க்கலாம். எங்கள் தேவைக்கு இதுவே பொருந்துகிறது.

ஆயினும் இதுவும் உண்ணக் கேட்கும். இதன் ஜெல்லும் குழாய்களும் பொருத்தியபின் சும்மா இருந்தாலும் காலாவதியாகும். உத்தரவாதக் காலம் முடிந்ததும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் வேண்டும். மின்சாரம் தடைப்படாதிருக்க யு.பி.எஸ்., குளிரூட்டிய அறை, பூஜ்யத்துக்குக் கீழ் 20 டிகிரி உறைபெட்டி, பயிற்சி பெற்ற ஒருவரின் சம்பளம் ஆகியவையும் உண்டு. விலைப்பட்டியலில் இவற்றில் பல இல்லை.

ஆகவே இப்படித் தீர்மானித்திருக்கிறோம். சாங்கர் முறையில் சிறிய இயந்திரம் ஒன்று வாங்குவோம். ஆனால் ஐந்து ஆண்டு இயக்கச் செலவுக்கு வாக்குறுதி கிடைத்தபின்பே ஆர்டர் கொடுப்போம். அதுவரை கிருமியின் டி.என்.ஏ.யைப் பிரித்துப் பெருக்குவதை இங்கே செய்து, படிப்பதற்கு வெளி ஆய்வகத்துக்குக் கட்டணம் கொடுத்து அனுப்புவோம். விடை சில நாள் தாமதிக்கும். ஆனால் எந்த நோயாளியும் கைவிடப்படமாட்டார். இயந்திரத்துக்கென்று நீங்கள் தந்த காணிக்கை தனிக் கணக்கில் அப்படியே இருக்கும்.

கோபுரம் கட்டப் புறப்படுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பதைப்பற்றி ஆண்டவர் சொன்ன உவமை நமக்குத் தெரியும். இயந்திரத்தின்மேல் கொடுத்தவர் பெயரைப் பொறிக்கலாம். தீர்ந்துபோகும் ஜெல் புட்டியில் யார் பெயரைப் பொறிப்பது? ஆனால் அந்தப் புட்டி இல்லாவிட்டால் இயந்திரம் துணி மூடிய பெட்டியாகவே நிற்கும்.

2023-ல் மாத்திரம் நம் தேசத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குத் தொழுநோய் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது. இந்த ஊழியம் இன்னும் முடியவில்லை. பெயர் தெரியாத இந்தச் செலவை ஆண்டுதோறும் தாங்க எந்தச் சபை முன்வரும் என்று ஜெபத்தோடு கேட்கிறோம். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.