வழக்கு விசாரிக்கப்படும் ஊர்



போருக்குப் பிந்திய நீதி என்றதும் நாம் ஜெனீவாவைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறோம். 2015இல் ஐ.நா. மனித உரிமைப் பேரவையின், பொறுப்புக்கூறலைக் கோரும் 30/1 தீர்மானத்துக்கு இலங்கை அரசே இணை அனுசரணை வழங்கியது. 2020இல் அதிலிருந்து விலகிக்கொண்டது. அந்தக் கதை உங்களுக்குத் தெரியும். இன்று நான் பேச வந்தது அதைவிடச் சிறியதாகத் தோன்றும் ஒரு விடயம். ஒரு படுகொலை வழக்கு எந்த ஊரில், எந்த மொழியில், யார் முன்னிலையில் விசாரிக்கப்படுகிறது? நம் மக்கள் நீதியை இழந்த இடங்களில் பல இந்தக் கேள்விக்குள்ளேதான் இருக்கின்றன.

திருகோணமலை மாவட்டத்தில் கிளிவெட்டிக்கு அருகே குமாரபுரம் என்ற கிராமம். 1996 பெப்ரவரி 11 அன்று படையினர் அங்கே புகுந்து 24 பொதுமக்களைக் கொன்றார்கள். பெண்களும் சிறு பிள்ளைகளுமே அதிகம். உயிர்தப்பியவர்கள் வாய்மூடி இருக்கவில்லை. மூதூர் நீதவான் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார்கள். குற்றம் சாட்டப்பட்ட எதிரிகளை அடையாளம் காட்டினார்கள். சுட்டவர்கள் துப்பாக்கியோடு பக்கத்து முகாமில் இருந்த காலத்தில் செய்த காரியம் அது. அந்தத் துணிவுக்கு இந்த நாட்டின் நீதித்துறை கடன்பட்டிருக்கிறது.

பிறகு, எதிரிகளின் பாதுகாப்பைக் காரணம் காட்டி வழக்கு அனுராதபுரத்துக்கு மாற்றப்பட்டது. சாட்சிகளின் பாதுகாப்பு? கூலி வேலையை விட்டுவிட்டு, சோதனைச் சாவடிகளைக் கடந்து, மொழி தெரியாத ஊரில் போய் நின்று, தன் பிள்ளை எப்படிச் செத்தது என்று ஒரு தாய் மொழிபெயர்ப்பாளர் மூலம் சொல்ல வேண்டியிருந்தது. 2016 யூலையில், சம்பவம் நடந்து இருபது ஆண்டுகளின் பின், சிங்களம் பேசும் ஏழு யூரிமார் எஞ்சியிருந்த ஆறு எதிரிகளையும் விடுவித்தார்கள்.

இது தனியொரு சம்பவமென்றால் நான் இந்த மேடையில் எடுத்திருக்கமாட்டேன். 1992 ஓகஸ்டில் மட்டக்களப்பு மாவட்டத்தின் மயிலந்தனையில் 35 பேர் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கும் மட்டக்களப்பில் நிலைக்கவில்லை. கொழும்புக்குப் போனது. 2002இல் யூரிமார் 18 படையினரையும் விடுவித்தார்கள்.

சட்டம் இதற்கு எப்படி இடம் கொடுக்கிறது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 1978ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டத்தின் கீழ், நியாயமான விசாரணை கிடைக்காது என்று கண்டால் மேன்முறையீட்டு நீதிமன்றம் வழக்கை வேறிடத்துக்கு மாற்றலாம். குற்றம் நடந்த இடத்தைப் பார்வையிட வேண்டிய தேவையும் அதே சட்டத்தில் இடமாற்றத்துக்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. அதாவது, நடந்த இடத்துக்கு அருகே விசாரிப்பதன் பெறுமதியைச் சட்டம் அறிந்தே இருக்கிறது. ஆனால் நடைமுறையில் எதிரியின் அச்சம் எடைபோடப்படுகிறது; சாட்சியின் அச்சம் தராசில் ஏறுவதே இல்லை.

அடுத்தது யூரி. 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடபடிமுறைச் சட்டம், எந்த மொழி பேசும் யூரிமார் வேண்டும் என்று தெரிவுசெய்யும் உரிமையை எதிரிக்குத் தருகிறது. ஏழு பேரில் ஐந்து பேர் ஒத்துக்கொண்டால் தீர்ப்பு. காரணம் எழுத வேண்டியதில்லை. சாதாரணக் கொலை வழக்கில் இதற்கு நியாயம் இருக்கலாம். முப்பது ஆண்டுகள் இன அடிப்படையில் பிளந்துகிடந்த நாட்டில், சீருடை அணிந்தவர் எதிரியாகவும் தமிழ்க் கிராமத்தவர் சாட்சியாகவும் நிற்கும் வழக்கில் இது அநீதி என்பேன். தன்னை ஏன் நம்பவில்லை என்பதைக்கூட குமாரபுரத்துத் தாய் எந்தத் தாளிலும் வாசிக்க முடியாது.

யூரி இல்லாத விசாரணை எப்படி இருக்கும் என்பதற்கு யாழ்ப்பாண மாவட்டத்தின் மிருசுவில் வழக்கு ஓர் உதாரணம். அதுவும் கொழும்பில்தான் நடந்தது. ஆனால் அங்கே யூரி இல்லை, மூன்று நீதிபதிகள். 2000 டிசம்பரில், இடம்பெயர்ந்திருந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் தங்கள் வீடுவளவைப் பார்க்கப் போனார்கள். எட்டுப் பேர் கொல்லப்பட்டு மலசலகூடக் குழியில் புதைக்கப்பட்டார்கள். ஐந்து வயதுக் குழந்தையும் அதில் அடக்கம். தப்பி ஓடிவந்த ஒருவர் சொன்ன சாட்சியே வழக்கின் முதுகெலும்பு. 2015இல் ஒரு படைவீரருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. 2019இல் உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அதை உறுதிசெய்தார்கள். காரணங்கள் எழுதப்பட்ட தீர்ப்பு. யாரும் எடுத்துப் படிக்கலாம். 2020 மார்ச்சில், நாடே கொரோனா ஊரடங்கில் முடங்கியிருந்தபோது, ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச பொதுமன்னிப்புக் கொடுத்து அவரை விடுதலை செய்தார். மரணதண்டனையை நான் ஆதரிப்பவன் அல்லன். குற்றவாளியை வீட்டுக்கு அனுப்பியதுதான் என்னைச் சுடுகிறது. 2024இல் வேறு இரண்டு கொலைக் குற்றவாளிகளுக்கு வழங்கப்பட்ட மன்னிப்புகளை உயர் நீதிமன்றம் இரத்துச் செய்திருக்கிறது. அதே அளவுகோல் மிருசுவிலுக்கும் பொருந்த வேண்டும்.

இனி யாழ்ப்பாணத்துச் செம்மணி. 1996 செப்டெம்பரில் பரீட்சை எழுதிவிட்டுச் சைக்கிளில் வந்த மாணவி கிருசாந்தியையும், அவரைத் தேடிப் போன தாயையும் தம்பியையும் அயலவரையும் படையினர் கொன்று புதைத்ததை நாம் மறக்கவில்லை. அந்த வழக்கையும் யூரி இல்லாமல் மூன்று நீதிபதிகளே விசாரித்தார்கள். 1998இல் தண்டனை பெற்ற படைவீரர் ஒருவர், செம்மணியில் இன்னும் நூற்றுக்கணக்கானோர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று நீதிமன்றத்திலேயே சொன்னார். 1999இல் தோண்டியபோது 15 உடல்கள் கிடைத்தன. அதன்பின் விசாரணை முடங்கிப்போனது. 2025இல் செம்மணியை அடுத்த அரியாலை சித்துப்பாத்தி மயானத்தில் கட்டட வேலைக்காக மண்ணை வெட்டியபோது எலும்புகள் வெளிப்பட்டன. அந்த ஆண்டுக்குள்ளேயே இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டுவிட்டன. ஒரு குழந்தையின் எலும்புக்கூட்டோடு நீலநிறப் புத்தகப்பை கிடந்தது.

இந்த அகழ்வு யாழ்ப்பாண நீதவான் நீதிமன்றத்தின் மேற்பார்வையில் நடந்தது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்களின் சட்டத்தரணிகள் குழியருகே நின்றார்கள். ஓகஸ்டில் நீதிமன்றக் கட்டளைப்படி, எடுக்கப்பட்ட பொருட்கள் பொதுமக்கள் பார்த்து அடையாளம் காண வைக்கப்பட்டன. தாய்மார் வந்தார்கள். தமிழில் கேட்டார்கள், தமிழில் பதில் பெற்றார்கள். இதே பணி இருநூறு மைல் தள்ளி நடந்திருந்தால் எத்தனை பேர் வந்திருப்பார்கள்?

இந்த அளவுகோலை எல்லோருக்கும் ஒன்றாகவே வைக்க வேண்டும். 1990 ஓகஸ்ட் 3 இரவு கிழக்கின் காத்தான்குடிப் பள்ளிவாசல்கள் இரண்டில் தொழுகையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வீடுவாசலை விட்டு விரட்டப்பட்டார்கள். அவர்களுடைய சாட்சியத்தையும் அவர்களின் ஊரில், அவர்களின் முன்னால் கேட்க வேண்டும். இதைச் சொல்லத் தயங்கும் தமிழ்ச் சட்டத்தரணிக்குக் குமாரபுரத்துக்காக வாதாடும் தகுதி குறைகிறது.

செய்யவேண்டியவை பெரிய மர்மங்கள் அல்ல. சாட்சிகளின் தரப்பைக் கேளாமல் எந்த வழக்கையும் மாவட்டத்துக்கு வெளியே மாற்றக்கூடாது. படையினரும் ஆயுதக் குழுவினரும் எதிரிகளாகும் வழக்குகளில் யூரி வேண்டாம். காரணம் எழுதும் நீதிபதிகள் போதும். அரசுக்கு ஆலோசனை சொல்லும் சட்டமா அதிபரே அரசபடையினர் மீது வழக்குத் தொடுநராகவும் இருப்பது முடிவுக்கு வர வேண்டும். சுயாதீன வழக்குத்தொடுநர் அலுவலகம் அமைய வேண்டும்.

சட்டம் பயிலும் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். குமாரபுரத்தில் அன்று பத்து வயதாக இருந்தவருக்கு இன்று நாற்பது வயதாகிறது. அன்று நாற்பதாக இருந்தவர்கள் எழுபதில் இருக்கிறார்கள். அந்த ஊர்களுக்குப் போங்கள். அவர்கள் சொல்வதைத் தமிழில், அவர்கள் சொன்ன சொல்லிலேயே, திகதியும் கையொப்பமும் இட்டு எழுதி எடுங்கள். பிரதியை அவர்கள் கையிலும் கொடுத்துவிட்டு வாருங்கள். இந்த ஆண்டே தொடங்குங்கள்.