தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நம்ம வயல் இருக்கு

(ஒன்றிய ஊழியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உங்க ஊர் வழியா ரயில் போகுதா? அப்போ இதைக் கொஞ்சம் பொறுமையாப் படிங்க.

வீடு இந்தப் பக்கம். வயலும் சுடுகாடும் அந்தப் பக்கம். ரயில் வருவதற்கு முன்னாடியே பல ஊர்களில் அங்கே ஒரு வண்டிப்பாதை இருந்தது. மாடு ஓட்டிப் போனதும், நெல் மூட்டை வந்ததும் அந்தத் தடத்தில்தான். இன்னைக்கு அதே தடத்தில், கேட் இல்லாத இடத்தில் கால் வெச்சா அத்துமீறல். 1989 ரயில்வே சட்டம், 147-வது பிரிவு: 6 மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், இல்லன்னா ரெண்டும். தண்டவாளத்தில் இப்படி வருஷத்துக்குச் சுமார் 15,000 பேர் சாகிறார்கள் என்று 2012-லேயே ககோட்கர் குழு அறிக்கை கொடுத்தது. வேற வழி இருந்தா யாரு தண்டவாளத்தில் இறங்கப் போறா?

அதே சட்டத்தில் 16-வது பிரிவும் இருக்கு. அதை யாரும் நமக்குச் சொல்றதில்லை. ரயில் பாதையால் நிலத்துக்குப் போக இடைஞ்சல் வந்தா, கடக்கும் வழியோ பாலமோ செஞ்சு கொடுத்துப் பராமரிக்க வேண்டியது ரயில்வே. ஆனா ஒரு கொக்கி வெச்சிருக்காங்க. லைன் திறந்து 10 வருஷம் தாண்டிட்டா, கூடுதல் வழிக்கு ரயில்வே தன் காசைப் போட வேண்டியதில்லை. நம்ம பக்கம் ஓடுற லைன் பெரும்பாலும் வெள்ளைக்காரன் காலத்தது! மிச்சம் இருப்பது 17-வது பிரிவு. மாநில அரசோ உள்ளாட்சி அமைப்போ செலவை ஏற்றுக்கொண்டு புது வழி கேட்கலாம். அதாவது, கேட்க வேண்டிய இடத்தில் நம்ம ஊராட்சி இருக்கு.

2019 ஜனவரிக்குள் அகலப்பாதையில் ஆளில்லா கேட் எல்லாத்தையும் ஒழிச்சாச்சு. நல்ல காரியம், மறுக்கலை. ஒழிச்ச விதம்தான் பிரச்சினை. சில இடத்தில் ஆள் போட்டாங்க. சில இடத்தில் பக்கத்து கேட்டோட "இணைச்சுட்டோம்"னு கம்பி நட்டாங்க. இணைப்புன்னா வேற ஒண்ணும் இல்லை, சுத்திப் போ என்று அர்த்தம். பல இடத்தில் உயரம் குறைஞ்ச சுரங்கப்பாதை. வைக்கோல் லோடு நுழையாது, அறுவடை மிஷின் நுழையாது, மழை பெய்தா மனுஷனும் நுழைய முடியாது. 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூரில், மழைத் தண்ணி நின்ன ரயில்வே சுரங்கப்பாதையில் கார் மூழ்கி ஓர் அரசுப் பெண் மருத்துவர் இறந்தார். தண்டவாளத்தில் சாகக் கூடாதுன்னு கட்டின வழி அது.

செம்மங்குப்பத்தை மறந்திருக்க மாட்டீங்க. 2025 ஜூலை 8. கடலூர் பக்கம், ஆள் இருந்த கேட்டில் பள்ளி வேன் மேல் ரயில் மோதி 3 பிள்ளைகள் போயிட்டாங்க. கேட் மூடினால்தான் சிக்னல் விழும் என்கிற இன்டர்லாக்கிங் அந்த கேட்டில் இல்லை. ஒரு மனுஷன் மறந்தா தடுக்க இன்னொரு ஏற்பாடு கிடையாது. அங்கே சுரங்கப்பாதை கட்ட மாவட்ட நிர்வாகம் ஒரு வருஷமா அனுமதி தரலைன்னு ரயில்வே சொன்னது. யார் மேல் தப்புன்னு ரெண்டு பக்கமும் மீம்ஸ் பறந்தது. ரெண்டு ஆபீசுக்கு நடுவில் ஃபைல் கிடந்த காலத்திலும் அந்த வேன் தினமும் அந்த கேட்டைத் தாண்டித்தான் போச்சு.

சாவு விழுந்த பிறகு மறியல் பண்ண எல்லாக் கட்சிக்கும் தெரியும். நாம அதுக்கு முன்னாடியே போகணும். அக்டோபர் 2 கிராம சபையில் இதைத் தீர்மானமாக் கொண்டுவாங்க. வாய்ப்பேச்சா இல்லாம, கிராம வரைபடத்திலும் எஃப்.எம்.பி. ஸ்கெட்ச்சிலும் பழைய வண்டிப்பாதை இருக்கான்னு பார்த்து நகல் எடுத்துட்டுப் போங்க. சுரங்கப்பாதை வேணும்னு மட்டும் எழுதாதீங்க. எவ்வளவு உயரம், தண்ணி எங்கே வடியும், மோட்டார் யார் போடுவாங்க, கரண்ட் பில் யார் கட்டுவாங்க, இதெல்லாம் தீர்மானத்தில் வரணும். மழையில் நிக்கிற தண்ணியைத் தேதியோட போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க.

கேட் நம்பர், பக்கத்து ஸ்டேஷன், சுத்திப் போனா எத்தனை கிலோமீட்டர்: இந்த மூணையும் எழுதி உங்க ஒன்றியப் பொறுப்பாளர்கிட்ட இந்த மாசத்துக்குள்ளே கொடுங்க.