புதிய பாடசாலையும் பழைய வீடும்

இடமாற்றக் கடிதம் என்பது ஒரு தாளில் அடங்கும் நான்கைந்து வரிகளே. இன்ன பாடசாலையிலிருந்து இன்ன பாடசாலைக்கு, இன்ன திகதி தொடக்கம் என்று அது முடிந்துவிடும். அந்த வரிகளுக்குள் ஒரு வீட்டின் அடுப்பும், ஒரு சிறுமியின் தலைப்பின்னலும், ஒரு முதியவளின் மருந்து வேளையும் அகப்பட்டுக் கிடப்பதை அதனைத் தட்டெழுதியவர் அறியார். அறியவேண்டிய கடமையும் அவருக்கில்லை. ஆனால் கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் ஆசிரியைக்கு முதலிலே தோன்றுவன அவைதாம். புதிய பாடசாலை அதன் பின்னரே நினைவுக்கு வரும்.

இலங்கையில் ஏறத்தாழ 10,000 அரசாங்கப் பாடசாலைகள் உள்ளன. அவற்றிற் கற்பிப்போரில் நால்வருக்கு மூவர் என்னும் அளவிற் பெண்கள். ஆகவே ஆசிரியர் இடமாற்றம் என்று பேசப்படுவது பெரும்பாலும் ஒரு தாயின் இடமாற்றமே. இதனை மறந்துவிட்டு, இடமாற்றத்தை வெறும் எண்ணிக்கைக் கணக்காக, இங்கே ஒருவர் மிகை, அங்கே ஒருவர் குறை என்று நிரவிவிடலாம் எனக் கருதுவோர் உளர். கணக்குச் சரிதான். ஆனால் நிரவப்படுவது மண்ணன்று.

சாவகச்சேரியில் வாழும் ஒரு கணித ஆசிரியையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இவர் இன்னார் என்று எவரையும் சுட்டிச் சொல்லப்படுபவர் அல்லர். பலருடைய வாழ்க்கையிற் காணப்படும் நிகழ்ச்சிகள் இங்கே ஒருவரிடத்தே சேர்க்கப்பட்டிருக்கின்றன. வீட்டுக்கு அண்மையிலுள்ள பாடசாலையொன்றிற் பதினொரு ஆண்டுகள் கற்பித்தவர். கணவருக்குக் கிளிநொச்சியில் உத்தியோகம். காலையிற் சென்று மாலையில் மீள்பவர். வீட்டில் மாமியார், ஐந்தாந் தரத்திற் படிக்கும் மகள், மூன்று வயது நிரம்பிய மகன். இவருக்கு இடமாற்றம் கிடைத்த இடம் நெடுந்தீவு.

நெடுந்தீவை அறியாத நேயர்கள் சிலர் இருக்கலாம். யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைத் தாம்போதி வழியே வேலணை கடந்து, புங்குடுதீவின் மேற்கு ஓரத்திலுள்ள குறிகட்டுவான் இறங்குதுறை வரை பேருந்துப் பயணம். அப்பாற் கடல். ஏறத்தாழ ஒரு மணி நேரப் படகோட்டத்தின் பின்னரே தீவின் கரை தோன்றும். வேலிக்குப் பதிலாகக் கடற்பாரைக் கற்களை அடுக்கி எழுப்பிய மதில்கள். வெளியிலே தன்போக்கில் மேயும் மட்டக்குதிரைகள். வானைத் தொடும் பனைகள். ஒருநாட் சுற்றுலாவாகச் செல்வோருக்கு எல்லாம் அழகே. சோளகம் மூண்டாலும் மாரிகாலத்து வாடை சினந்தாலும் படகு புறப்படாது என்பதை அங்கே தொழில் புரிவோரே உணர்வர். சாவகச்சேரியிலிருந்து நாடோறும் சென்று மீளுதல் ஆகாத காரியம். எனவே வாரநாள்களில் ஆசிரியர் விடுதியிலும் வார இறுதியில் வீட்டிலுமாக இவருடைய வாழ்க்கை இரண்டாகப் பிளவுபட்டது.

புதிய இடத்தில் இவருக்கு ஒப்படைக்கப்பட்டவை ஆறாந் தரம் முதல் ஒன்பதாந் தரம் வரையான வகுப்புகள். கனிஷ்ட இடைநிலை என்று பெயர் பெறும் இப்பகுதியைப் பற்றி நம் நாட்டிற் பேசுவோர் மிகக் குறைவு. ஐந்தாந் தரத்திற்குப் புலமைப்பரிசில் உண்டு. பதினோராந் தரத்திற்குச் சாதாரண தரப் பரீட்சை உண்டு. இவ்விரண்டு மேடுகளுக்கும் இடையிலுள்ள பள்ளம் போலவே நடுவகுப்புகள் கிடக்கின்றன. உண்மையிற் பிள்ளையின் வாழ்வில் மிகப் பெரிய மாற்றங்கள் நிகழும் காலம் இதுவே. ஐந்தாந் தரம் வரை பெரும்பாலும் ஓர் ஆசிரியையின் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி நடந்த பிள்ளை, ஆறாந் தரத்திற்குள் நுழைந்ததும் பாடத்திற்கு ஒருவராகப் பல முகங்களை எதிர்கொள்கிறது. பாடவேளைக்கு ஒருமுறை மணி அடிக்கிறது, முகம் மாறுகிறது. பிள்ளையை முழுமையாக அறிந்தவர் எவருமில்லை என்னும் நிலை மெல்ல மெல்ல உண்டாகிறது.

தூரத்துப் பாடசாலைகளில் இதனினும் ஆழமான காயம் ஒன்றுண்டு. புலமைப்பரிசில் பரீட்சைக்கு இரண்டு வினாத்தாள்கள். மொத்தம் 200 புள்ளிகள். வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளைக்கு நகரத்துப் பெரிய பாடசாலையின் கதவு திறக்கும். வசதியுள்ள பெற்றார் பரீட்சை இல்லாமலும் பிள்ளையை அழைத்துச் செல்வர். ஆகவே கிராமத்துப் பாடசாலையின் ஆறாந் தரத்தில் அமர்ந்திருக்கும் பிள்ளைகள், தாங்கள் எஞ்சியவர்கள் என்பதைப் பதினொரு வயதிலேயே தெரிந்துகொண்டிருக்கிறார்கள். எவரும் அவர்களுக்கு அதனைச் சொல்லியிருக்கமாட்டார்கள். வகுப்பிலே வெறுமையாய்க் கிடக்கும் வாங்குகள் சொல்லியிருக்கும்.

முதல் வாரத்தில் இவர் பட்ட பாடு புதிய ஆசிரியர் எவரும் படுவதே. வரவுப் பதிவேட்டிற் பெயர்களை வாசிக்கும்போது முகங்கள் பொருந்தவில்லை. கணிதத்திற்கு வந்தவரிடம் விஞ்ஞானமும் சுகாதாரமும் சேர்த்துக் கொடுக்கப்பட்டன. ஆளணி குறைந்த பாடசாலைகளில் நேரசூசி அப்படித்தான் அமையும். வெண்கட்டிப் பெட்டி எங்கே, பாடக்குறிப்பில் எந்நாள் அதிபர் ஒப்பமிடுவார், எந்தப் பிள்ளையின் தகப்பனார் கடலிற் போனவர் என்னும் செய்திகளை ஒவ்வொன்றாகக் கேட்டறிய வேண்டியிருந்தது. இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதிப் புதியவரிடம் கொடுத்துவிட அரைமணி நேரம் போதும். அந்த அரைமணியைச் செலவிடும் பாடசாலைகள் அருமை. புதியவர் தானே முட்டி மோதிக் கற்பது நல்லது என்னும் எண்ணம் நம்மவரிடையே ஏனோ வேரூன்றிவிட்டது.

பின்னம் கற்பிக்கப் புகுந்தபோது இவர் முதன்முதலாகத் தோற்றார். ஏழாந் தரத்தில் அரைவாசிப் பேருக்கு மூன்றிலொன்று பெரிதா, நான்கிலொன்று பெரிதா என்பது தெரியவில்லை. நான்கு என்பது மூன்றிலும் பெரிதாதலால் நான்கிலொன்றே பெரிது என்றனர். பழைய பாடசாலையிற் கைகொடுத்த முறைகளெல்லாம், அப்பத்தை வெட்டுவதும் வட்டத்தைப் பிரிப்பதும், இங்கே சுவரில் எறிந்த பந்தாயின. இரண்டு கிழமை கழித்துப் பின்வாங்கில் இருந்த பையன் ஒருவன், படகு கரைக்கு வந்ததும் பிடிபட்ட மீனின் விலை எவ்வாறு பங்கிடப்படும் என்பதைத் தோழனுக்கு விளக்கிக்கொண்டிருந்தான். செலவைக் கழித்த பின் படகுக்கு இன்ன பங்கு, வலைக்கு இன்ன பங்கு, தொழிலுக்குச் சென்றவர்களுக்கு இன்ன பங்கு. மூவர் சென்றால் எவ்வளவு, நால்வர் சென்றால் எவ்வளவு என்று அவன் விரல்மடித்துச் சொன்னதிற் பிழையே இல்லை. ஆள் கூடினாற் பங்கு சுருங்கும் என்பதைத் தகப்பனாரின் முகத்திலிருந்தே கற்றவன் அவன். அடுத்த நாட் கரும்பலகையில் ஒரு படகு வரையப்பட்டது. அன்று தொடங்கிப் பின்னம் என்னும் சொல்லே அவ்வகுப்பிற் பங்கு என்று மாறிப்போயிற்று.

இத்துணையும் பகற்பொழுதின் செய்தி. மாலை நேரம் வேறு.

விடுதியில் மாலை ஆறு மணிக்குப் பின் செய்வதற்கு அதிகமில்லை. கொப்பிகளைத் திருத்தலாம், கிணற்று நீரின் உவர்ப்பைப் பற்றிப் பேசலாம். எட்டு மணிக்குத் தொலைபேசி ஒலிக்கும். மறுமுனையில் மகள். அன்றைய பயிற்சித்தாளில் விளங்காத வினாக்களை ஒவ்வொன்றாக வாசிப்பாள். காற்று வீசும்போது குரல் அறுந்து அறுந்து வரும். அந்தப் பேச்சின் நடுவே சிறியவன் தொலைபேசியைப் பறித்துத் தான் பார்த்த பூனையைப் பற்றி நெடுநேரம் கூறுவான். கணக்கும் பூனையும் கலந்த இந்த அரைமணியே வாரநாள்களில் இவருடைய இல்வாழ்க்கை.

முதல் மாதம் வீடு தடுமாறியது. மாமியார் ஒருநாள் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்: “பிள்ளை, சமையலை நான் பாப்பன். சின்னவனையும் பாப்பன். உந்தக் கணக்குத்தான் எனக்கு வராது.” குற்றஞ்சாட்டும் குரலன்று அது, தம்முடைய எல்லை எது என்பதைக் காட்டிய குரல். அதன் பின்னரே கணவர் வேலை முடிந்து வரும் வழியிற் சந்தியில் நின்று பேசும் வழக்கத்தை விட்டு, நேரே வீடு வந்து மகளருகில் அமரத் தொடங்கினார். காலையிற் பின்னல் பின்னவும் பழகினார். முதல் நாள்களில் இரண்டு பின்னலும் இரண்டு உயரத்தில் நின்றன. அச்சிறுமி அதனுடனேயே பாடசாலை சென்றாள். அயலிலுள்ளோர் சிரித்தனர். பெண் உழைக்கும் பணத்தை வேண்டும் சமூகம், அவள் வெளியே செல்லும் நேரத்தில் ஆண் பின்னல் பின்னுவதைக் கண்டு சிரிப்பது விந்தையே.

ஆயினும் இவருடைய மனத்தை உறுத்தியது பின்னலுமன்று, சமையலுமன்று. இரவு எட்டு மணிக்குத் தன் மகளை எந்த வெட்டுப்புள்ளியைத் தாண்டச் செய்வதற்காகத் தொலைபேசியில் உழைக்கிறாரோ, அதே வெட்டுப்புள்ளியால் ஒதுக்கப்பட்ட பிள்ளைகளின் முன்னே காலை ஏழரை மணிக்கு நிற்கவேண்டியிருந்தது. தன் பிள்ளை நகரத்துப் பாடசாலைக்குச் செல்ல வேண்டும் என விரும்பும் தாயும், இந்தத் தீவிலேயே நல்ல பாடசாலை இருக்க வேண்டும் என விரும்பும் ஆசிரியையும் ஒரே உடம்பில் இருந்தனர். இருவரில் எவரும் பொய் சொல்லவில்லை. நம் நாட்டின் ஆசிரியர் ஆயிரக்கணக்கானோர் இந்தப் பிணக்கைச் சுமந்தபடியே வகுப்புக்குச் செல்கின்றனர். கல்வி பற்றிய கூட்டங்களில் இஃது எடுத்துரைக்கப்படுவதில்லை.

மூன்றாந் தவணையின் தொடக்கத்தில், படகுக் கணக்குச் சொன்ன அதே பையன் கொப்பியை நீட்டியபடி கேட்டான்: “நீங்களும் அடுத்த வருசம் போயிடுவியளோ, ரீச்சர்?” அவனுடைய கேள்வியில் மனக்கசப்பில்லை. வந்த ஆசிரியர்கள் போவது அவனுக்குப் பருவக்காற்றைப் போன்றதொரு செய்தி. எப்போது என்று தெரிந்தால் ஆயத்தமாக இருக்கலாம் என்பதே அவனுடைய எண்ணம். அவர் உடனே விடை கூறவில்லை. போகமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். கேட்பவர்க்கு இனிமையாக இருந்திருக்கும். வீட்டிலே இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அப்படி வாக்களிக்க எவருக்கும் உரிமையில்லை. “எட்டாந் தரத்திலை அட்சரகணிதம் நான்தான் படிப்பிப்பன். அதுக்குப் பிறகு தெரியாது, தம்பி” என்றார். அவன் தலையாட்டிவிட்டுப் போனான். அடுத்த ஆண்டுக்கு அது போதுமானதாக அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

மகளுடைய பரீட்சை முடிவு வெளியானபோது அவள் வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்றாள். ஊர்ப் பாடசாலையிலேயே ஆறாந் தரத்திற் சேர்ந்தாள். தாய் வீட்டில் இருந்திருந்தால் அந்தச் சில புள்ளிகள் கிடைத்திருக்கும் என்று சொன்ன உறவினர் இருந்தனர். சொல்லாமல் நினைத்தவர்கள் அவர்களினும் பலர். அவரும் நினைத்தார், நினைக்காத தாய் இரார். அந்த வாரம் வீட்டுக்கு வந்தபோது மகளின் புதிய நேரசூசியை வாங்கிப் பார்த்து, எல்லாப் பாடங்களுக்கும் உரிய ஆசிரியர்களின் பெயரையும் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். அவர்களுள் யார் புதியவர் என்றும் கேட்டார்.

அதிபர் செய்த உதவி ஒன்றையும் சொல்ல வேண்டும். இரண்டாம் ஆண்டு நேரசூசி வகுக்கும்போது வெள்ளிக்கிழமைகளில் இவருடைய பாடவேளைகள் யாவும் முற்பகலிலேயே அமைக்கப்பட்டன. அதனாற் பிற்பகற் படகைத் தவறவிடும் அச்சமின்றிப் பையைக் கட்ட முடிந்தது. இதற்கு எந்தச் சுற்றறிக்கையும் வேண்டியிருக்கவில்லை, பணமும் செலவாகவில்லை. ஒரு பென்சிலும் அழிறப்பரும் போதுமாயிருந்தன. கடல் அமைதியாயிருக்கும் வெள்ளிக்கிழமைகளில் இவர் இருள் சூழும் நேரத்திற் சாவகச்சேரியை அடைகிறார். அப்போது மகளின் பின்னல் இரண்டும் ஒரே உயரத்திலேயே இருக்கின்றன.