ஒலி அளக்கும் வாய்க்கால் நீர்
(பாசனச் சங்கத்தார் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



வாய்க்காலில் நீர் வருகிறது என்று அறிந்தால் மட்டும் போதாது. எவ்வளவு வருகிறது என்பதே கடைமடை உழவருக்கு வேண்டிய செய்தி. மதகின் அளவுகோல் ஆழத்தை மட்டுமே காட்டும். கோரையும் ஆகாயத்தாமரையும் மண்டிய வாய்க்காலில் நீர்மட்டம் உயர்ந்து நிற்கும், ஓட்டமோ குறைந்திருக்கும். ஆகவே நீரின் வேகத்தையும் அளத்தல் இன்றியமையாதது. சராசரி வேகத்தைக் குறுக்குப் பரப்பால் பெருக்கினால், வினாடிக்கு இத்தனை கன அடி என்பது விளங்கும்.

கிண்ணங்கள் பொருத்திய சுழல் கருவியை இடம் இடமாக நீரில் இறக்கிச் சுற்றுக்களை எண்ணுவது பழைய முறை. பாசியும் சருகும் சிக்கினால் அதன் சுழற்சி தடைப்படும். இன்று ஒலியைக் கொண்டும் அளக்கிறோம். ஆஸ்திரிய அறிஞர் டாப்ளர் 1842-ல் வெளியிட்ட தத்துவமே இதற்கு அடிப்படை. நம்மை நோக்கி வரும் ரயிலின் ஊதல் சுருதி ஏறியும், விலகிச் செல்கையில் இறங்கியும் கேட்பதை யாவரும் அறிவோம். அவ்வாறே, செவிக்கு எட்டாத ஒலியைக் கருவி நீரினுள் செலுத்துகிறது. நீரோடு வரும் வண்டல் துகள்கள் அதனை எதிரொலிக்கின்றன. வினாடிக்கு 10 லட்சம் அதிர்வுள்ள ஒலியை, நேரெதிரே வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் வரும் துகள், 1,300-க்கு மேற்பட்ட அதிர்வுகளைக் கூட்டித் திருப்புகிறது. இவ்வேறுபாட்டிலிருந்தே வேகத்தைக் கணக்கிடுகிறோம்.

நிற்க. எதிரொலியின் வலிமையையும் கருவி பதிவு செய்வது ஏன்? சுருதி மாற்றம் வேகத்தைக் கூறும். அக்கூற்று நம்பத்தக்கதா என்று ஆராய வலிமைப் பதிவு உதவும். மிகத் தெளிந்த நீரில் எதிரொலிக்கத் துகள்கள் போதா. ஒலி நலிந்து திரும்பும். புதுவெள்ளத்தில் சேறு மிகுந்தாலோ, ஒலி நெடுந்தொலைவு செல்லுமுன் தேய்ந்துவிடும். மதகடியில் நுரைக்கும் காற்றுக் குமிழிகளும் அளவைக் கெடுக்கும். வாய்க்காலின் தரை உரக்க எதிரொலிப்பதால், அதனை ஒட்டிய நீரின் மெல்லொலி அதில் மறைந்துபோகும். பதிவேட்டில் வலிமை திடீரென ஏறுவதையும் இறங்குவதையும் கண்டு, ஐயத்துக்குரிய அளவுகளை விலக்கலாம்.

ஆதலால், மதகுக்குச் சற்றுத் தள்ளி, நேராகவும் களையின்றியும் உள்ள இடத்தில் கருவியை அமைத்தல் வேண்டும். அதன் முகத்தில் படியும் பாசியை அவ்வப்போது துடைத்தல் வேண்டும். கரையிலுள்ள நம்மால் இயன்ற பணிகள் இவை. பங்கீட்டில் பூசல் எழும்போது, வேகக் கணக்கோடு வலிமைப் பதிவையும் கேட்டுப் பார்ப்போமாக. தலைமடையாரும் கடைமடையாரும் ஒருங்கே ஒப்பும் அளவு இருந்தால், நள்ளிரவில் மதகைக் காவல் காக்கவேண்டிய நிலை குறையும். நீரும் நியாயமாய்ப் பாயும்.