முன்னுரைக்கு யாரைப் பிடிப்பது?

கொள்ளுப்பிட்டி நண்பர் ஒருவர் உதைபந்தாட்டம் பற்றி நூலொன்று எழுதி முடித்துவிட்டார். மிஞ்சியது முன்னுரைதான். "பேராசிரியர் ஒருவரைப் பிடிப்போமா?" என்று கேட்டார்.

கேட்டதில் வியப்பில்லை. பேராசிரியர் கா. சிவத்தம்பியின் முன்னுரைகள் பல, நூலைவிட்டுப் பிரித்தாலும் விமர்சனக் கட்டுரைகளாக நிற்பவை. ஆனால் 1995இல் கொழும்பில் நடந்த தெற்காசியக் கிண்ண இறுதியாட்டத்தில் இலங்கை இந்தியாவை 1-0 என வென்றதைச் சொல்லும் நூலுக்கு, மைதானத்துச் சேற்றை மிதியாதவர் என்ன எழுதுவார்?

அல்பேர்ட் கமு அல்ஜியர்ஸ் பல்கலைக்கழகக் கழகமொன்றின் கோல் காப்பாளர். காசநோய்தான் அவரை மைதானத்திலிருந்து வெளியேற்றியது. 1957இல் நோபல் பரிசும் பெற்றார். அப்படி இரண்டும் கைவந்தவருக்கு நாம் எங்கே போவது? உருகுவே எழுத்தாளர் எடுவார்டோ கலியானோ, 1995இல் வெளிவந்த தமது உதைபந்தாட்ட நூலை, ஆட்டத்தில் தாம் தேறாததை ஒப்புக்கொண்டே தொடங்குகிறார். அந்த நேர்மையாவது வேண்டாமா?

நண்பரின் நூலில் மிக நல்ல அத்தியாயம், வெள்ளவத்தையில் வாழும் முதிய கோல் காப்பாளர் ஒருவரைப் பற்றியது. "அவரையே கேளுமேன்," என்றேன்.

"அவருக்கு எழுத வராதே!"

"அவர் சொல்லட்டும், நீர் எழுதும்."

நண்பர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு கையெழுத்துப் பிரதியை எடுத்துக்கொண்டு வெள்ளவத்தை பஸ்ஸுக்குப் புறப்பட்டார்.