வேரில் இருக்கிறது வேலை

 

என் கையில் இரண்டு காய்கள் இருக்கின்றன. பின்னால் இருப்பவர்களும் பார்க்க வேண்டும் என்பதால் தூக்கிப் பிடிக்கிறேன். இந்தக் காய் மணி கோத்த மாலை போல, விதைக்கு விதை இடுங்கியிருக்கிறது. இது நம் நாட்டுக்கருவேலம். அதன் பூ மஞ்சள் உருண்டை. முள் வெள்ளையாக நீண்டிருக்கும். மற்றது இடுங்காமல் பட்டையாக நீண்ட காய், கடித்தால் இனிக்கும். இதன் பூ விரல் போல நீண்டு தொங்கும். இதுதான் சீமைக்கருவேலம்; வேலிக்கருவை, வேலிகாத்தான் என்று ஊருக்கு ஒரு பெயர்.

இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் நாம் பட்ட நஷ்டம் கொஞ்சமல்ல. சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை போட்ட உத்தரவுக்குப் பிறகு ஊர் ஊராக ஜேசிபி இறங்கியது. அந்த வேகத்தில் நாட்டுக்கருவேலமும் சில கண்மாய்களில் சாய்ந்ததை நானே பார்த்தேன். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் பறவைச் சரணாலயங்களில் எங்கிருந்தோ வரும் பறவைகள் கூடு கட்டுவது அந்த மரத்தில்தானே! கத்தியை எடுக்குமுன் காயைப் பாருங்கள், பூவைப் பாருங்கள்.

சீமைக்கருவேலத்தின் தாய்நாடு அமெரிக்கக் கண்டம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், விறகுக்கு ஆகும் என்று வெள்ளைக்காரன் காலத்தில் இங்கே வந்தது. விறகும் தந்தது, அதை மறுக்க மாட்டேன். மழை பொய்த்த ஆண்டுகளில் நம் வட்டாரத்தில் எத்தனையோ வீட்டு அடுப்பு எரிந்தது கரிமூட்டக் கூலியில்தான். அந்தப் பிழைப்புக்கு மாற்று சொல்லாமல் மரத்தை மட்டும் திட்டுவது நியாயமாகாது. அது காற்றிலுள்ள ஈரத்தையெல்லாம் உறிஞ்சுகிறது, நிழலில் படுத்தால் ஆள் செத்துப்போவான் என்ற பேச்சுகளுக்கும் ஆதாரம் கிடையாது. பொய்ப்பழி எதற்கு? அது செய்யும் உண்மையான கேடே போதும். கண்மாயின் உள்வாயை அடைத்துக்கொள்கிறது, வரத்துக்காலை மறிக்கிறது, தன் அடியில் புல்லை வளரவிடுவதில்லை. கோடியக்கரையில் வெளிமான் மேயும் புல்வெளியிலேயே புகுந்துவிட்டது.

சரி, எப்படி ஒழிப்பது? எனக்கு அனுபவம் கற்றுக்கொடுத்ததைச் சொல்கிறேன். எங்கள் புஞ்சையில் இரண்டு ஏக்கரை ஒரு கோடையில் ஆள் விட்டுத் தரையோடு தரையாக வெட்டினோம். நிலம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. கார்த்திகையில் போய்ப் பார்த்தால், ஒரு கொம்பு நின்ற கட்டையில் ஏழெட்டுக் கொம்பு! குனிந்து ஒரு கட்டையைச் சுற்றி மண்ணைப் பறித்தேன். தரைக்குக் கீழே, வேரும் தண்டும் சேரும் கழுத்தில், அடுத்த துளிர்கள் கொப்புளம் கொப்புளமாகக் காத்திருந்தன. அந்தக் கழுத்துதான் அதன் உயிர். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது ஒரு முழம் தோண்டி அதைத் துண்டித்து எடுத்தால், அடியில் கிடக்கும் வேரிலிருந்து அது மறுபடி எழாது. மேலே மட்டும் வெட்டினால் அதற்கு நாமே கவாத்து செய்துவிட்டதாக அர்த்தம்.

ஆட்டையும் மறந்துவிடாதீர்கள். இனிக்கிறது என்று ஆடும் மாடும் காயைத் தின்னும். விதை செரிக்காமல் சாணியிலும் புழுக்கையிலும் வந்து, எரு விழுந்த இடத்திலெல்லாம் முளைக்கும். காயைப் பொறுக்கி அரைத்துத் தீவனத்தில் கலந்தால் விதை செத்துவிடும், கால்நடைக்கும் சத்து.

எடுத்த நிலத்தைத் தரிசாகப் போட்டால் பாடுபட்டதெல்லாம் வீண். அந்த மழையிலேயே குதிரைவாலியோ கம்போ விதையுங்கள். வரப்பில் பனங்கொட்டை ஊன்றுங்கள். விதை மண்ணுக்குள் பல ஆண்டு தூங்கும். அதனால் ஒருமுறை எடுத்ததோடு வேலை முடியாது. 2022-இல் தமிழ்நாடு அரசு அயல் தாவரங்களுக்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டிருக்கிறது, நல்லது. ஆனால் நம் வரப்பில் முளைக்கும் கன்றை நாம்தான் முதலில் பார்க்கிறோம்.

ஐப்பசி அடைமழை விட்ட அடுத்த வாரம், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு உங்கள் காட்டை ஒரு சுற்று நடந்து வாருங்கள். சாண் உயரக் கன்றைப் பிடுங்க இரண்டு விரல் போதும். அடுத்த ஆண்டு அதற்குக் கடப்பாரை வேண்டும். அதற்கும் அடுத்த ஆண்டு ஜேசிபி வேண்டும்.