மண் சுமந்த கதையும் நஞ்சு சுமக்கும் ஆறும்

செல்லூர்க் கூட்டத்திலே பேசியதை ஏட்டிலே தருகிறேன். அன்று வர இயலாதவர்களும் படித்திட வேண்டும் என்பதற்காக.

வைகை பெருகிற்று. கரை உடைந்தது. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து அடைத்திட வேண்டும் என்றான் பாண்டியன். ஆள் இல்லாத வந்திக் கிழவிக்காகச் சொக்கனே கூடை சுமந்தான், பிட்டுக் கூலிக்கு! மதுரையிலே பிறந்த குழந்தையும் அறிந்த கதை. ஆவணி தோறும் திருவிழாவாக நடந்திடும் கதை. நம்புவோர் நம்பட்டும், நகைப்போர் நகைக்கட்டும். நான் அதிலே காண்பது ஒரு கணக்கு. கரையை அளந்தனர், பங்கு பிரித்தனர், இன்ன பங்கு இன்ன வீட்டாருடையது என்று குறித்தனர். குறித்திருந்ததால் அன்றோ, வந்தியின் பங்கு மட்டும் அடைபடவில்லை என்பது மன்னனுக்குத் தெரிந்தது!

இன்று அந்தக் கணக்கு எங்கே?

2024 அக்டோபர் 25. பிற்பகல் 3 மணிக்குக் கொட்டிய மழை, கால் மணி நேரத்திலே 4.5 சென்டிமீட்டர், அன்று மொத்தம் 9.8. செல்லூர்க் கண்மாய் நீர், பந்தல்குடி வாய்க்கால் வழியே வைகைக்குப் போக வேண்டிய நீர், வழியின்றி வீடுகளுக்குள் புகுந்தது. சிமெண்ட் கால்வாய்க்கு 11.9 கோடி ரூபாய் என அரசு அறிவித்தது. வேண்டியதுதான், வரவேற்கிறேன். ஆனால், வீட்டுக்குள் வந்தது மழைநீர் மட்டுந்தானா? பந்தல்குடி வாய்க்காலிலே ஆண்டெல்லாம் ஓடுவது என்ன? அதே ஆண்டில் அயன்பாப்பாக்குடிக் கண்மாய்ப் பக்கம், வாய்க்காலிலே நுரை பொங்கிச் சாலைக்கு ஏறியதைப் பார்த்தவர்களைக் கேளுங்கள். சாக்கடையும் சாயமும் கலந்த நீர், வெள்ள நாளன்று அடுப்பங்கரை வரை வந்து அரிசிப் பானையை விசாரித்துச் செல்கிறது!

மலைக்குப் போவோம். அமெரிக்காவின் வாட்டர்டவுன் நகரிலே இருந்த வெப்பமானித் தொழிற்சாலையைப் பெயர்த்துக் கொண்டுவந்து, 1983-இல் கொடைக்கானலிலே நிறுவினர். பின்னர் அது இந்துஸ்தான் லீவரின் கைக்கு வந்தது. 2001 மார்ச்சில், பழைய இரும்புக் கடையிலே பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடிகள் குவிந்து கிடக்கக் கண்டனர் மக்கள். கண்டவர்கள் அதிகாரிகள் அல்லர், மக்கள்! ஆலை மூடப்பட்டது. 2003-இல் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிற்று. முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் உடன்பாடு கையெழுத்தானதோ 2016-இல். ஆலை மூடிப் பதினைந்தாண்டு கழித்து!

கொடைக்கானலிலே சிந்தியது மதுரைக்கு என்ன என்று கேட்பீரோ? ஆலையின் கீழே பாம்பார்ச் சோலை. அங்கே பிறக்கும் பாம்பாறு கும்பக்கரையிலே அருவியாய் விழுந்து, இறங்கி, வைகை நீரோடு கலக்கிறது. கல்லூரியைப் பாதியிலே விட்டு நாடக மேடை ஏறியவன் நான். ஆயினும் இந்தப் பாடத்திற்குப் பட்டம் தேவையில்லை. பாதரசம் சேற்றிலே தங்கும். நுண்ணுயிர்கள் அதனை மீனுடலில் ஏறும் கொடிய நஞ்சாக மாற்றும். மீனிலிருந்து தாய்க்கு, தாயிடமிருந்து கருவிலுள்ள சேய்க்கு. ஜப்பானிலே மினமாட்டா மக்கள் 1956-லேயே உலகுக்குக் காட்டிய கொடுமை அது. அந்த ஊரின் பெயராலேயே உலக நாடுகள் 2013-இல் ஒப்பந்தம் செய்தன. இந்தியாவும் 2018-இல் ஏற்றது.

சட்டம் இல்லையா? உண்டு. போபாலிலே 1984-இல் பிணங்கள் குவிந்த பின்னர், 1989-இல் விதிகள் வந்தன. பெருவிபத்து நேரிடக்கூடிய ஆலையார், சுற்றிலும் வாழ்வோருக்கு அபாயத்தை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. ஆனால் அது பேரளவு நஞ்சை வைத்திருப்போருக்கு. சந்துக்குள்ளே நாலு பீப்பாய் வைத்திருப்பவரை அது கேட்பதில்லை. வெள்ளமோ, பெரிய பீப்பாய் சிறிய பீப்பாய் என்று பார்த்தா புரட்டுகிறது?

ஆகவே நாம் கேட்பது இது: செல்லூரிலும், கிருதுமால் ஓரத்திலும், தாழ்ந்த தெருக்கள் ஒவ்வொன்றிலும், எந்தப் பட்டறையில் எந்த இரசாயனம், எவ்வளவு, தரையிலிருந்து எவ்வளவு உயரத்திலே என்று பட்டியல் எடுங்கள். தமிழிலே எழுதுங்கள். வட்ட அலுவலகத்துப் பெட்டியிலே பூட்டாமல் தெருமுனையிலே பலகையாக வையுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் மாநகராட்சியும் ஒன்றையொன்று கைகாட்டுவதை நிறுத்தி, இருவரும் அதிலே கையெழுத்திடட்டும். பாண்டியன் ஓலையிலே செய்தது இது. கணிப்பொறி வைத்திருப்போர்க்கு இயலாதா? ஐப்பசி மழைக்கு முன்னே வேண்டும்.